350 ரூபாய் லக்கேஜ் தராசும் இன்னும் சில சின்னச் சாமான்களும்

லக்கேஜ் தராசை நான் வாங்கியது ஒரே ஒரு பயணத்துக்காக. டெல்லியில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது விமானத்தில் 15 கிலோதான் அனுமதி, அம்மாவோ ஊறுகாய், வடகம், இட்லி அரிசி என்று ஒரு பெட்டியை நிரப்பிவிட்டார்கள், அதைத் தூக்கிப் பார்த்ததும் பயம் வந்து ரிச்சி தெருவுக்குப் போய் 350 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். பயணம் முடிந்ததும் அது மேசை டிராயருக்குள் போய்விட்டது. இப்போது அது இருக்கும் இடம் சமையலறை ஆணி. கேஸ் சிலிண்டரை எடை போடுகிறது.

அது எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நான்கு பேர், ஒரு சிலிண்டர் வழக்கமாக 45 நாள் வரும். போன வருஷம் ஒன்று 40 நாளிலேயே தீர்ந்துவிட்டது. விருந்தாளி யாரும் வரவில்லை, பலகாரமும் செய்யவில்லை. அம்மா, "இவன் குறைச்சுக் குடுத்திருக்கான்" என்றார்கள், நான் அடுப்பு பர்னரில் கோளாறு என்று நினைத்தேன், இரண்டு நாள் இதே பேச்சு. அப்போதுதான் தராசு நினைவுக்கு வந்தது, 50 கிலோ வரை தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது.

கணக்கு ரொம்ப எளிது. வீட்டுச் சிலிண்டரின் தலையில் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகள் இருக்கும் அல்லவா, அதில் ஒன்றில் காலி எடை எழுதியிருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அது வேறுபடும், 15.3 இருக்கும், 15.9 இருக்கும், 16-ஐத் தாண்டியும் இருக்கும். அந்த எண்ணோடு 14.2 கிலோ கேஸைக் கூட்டினால் வரவேண்டிய மொத்த எடை. அடுத்த சிலிண்டர் வந்தபோது காலி எடை 15.6 என்று இருந்தது, ஆக 29.8 காட்ட வேண்டும். காட்டியது 28.3.

ஒன்றரை கிலோ குறைவு.

கொண்டுவந்த தம்பி, "சார், அது பெட்டி நிறுக்கிற தராசு, சிலிண்டருக்கெல்லாம் சரியா காட்டாது" என்றார். அவர் சொன்னது நியாயமான சந்தேகம்தான். நல்லவேளையாக அன்று வீட்டில் பிரிக்காத அரிசி மூட்டை இருந்தது, 26 கிலோ. (2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு 26 கிலோ மூட்டை கடைகளில் சகஜமாகிவிட்டது.) அதை மாட்டித் தூக்கினோம், 26.1 என்று நின்றது, சாக்கின் எடையும் சேர்ந்துதானே. அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை, கீழே போய் வேறு சிலிண்டர் எடுத்து வந்தார், அது சரியாக இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, குடோனில் ஏற்றிவிட்டதை மூன்று மாடி தூக்கி வருகிறவர் அவர், எங்கே குறைந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வாங்குவதற்கு முன்னால் எடை போட்டுக் காட்டச் சொல்வது நம் உரிமை, டெலிவரிக்கு வருகிறவர் தராசு கொண்டுவர வேண்டும் என்பதுதான் விதி. அவரிடம் இல்லையென்றால் நம்மிடம் இருக்கட்டும்.

எடை போடும்போது சில விஷயங்களில் கவனம் வேண்டும். சீலும் மூடியும் இருக்கும் நிலையில்தான் தூக்க வேண்டும், ரெகுலேட்டர் மாட்டிய சிலிண்டரைத் தூக்கவே கூடாது, கழற்றி மூடி போட்ட பிறகுதான். தராசின் பட்டையை வளையத்துக்குள் விட்டு, தராசின் கைப்பிடிக்குள் ஒரு உறுதியான இரும்புக் கம்பியைக் கொடுத்து இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, தரையிலிருந்து அரை அங்குலம் எழும்பினால் போதும், பீப் அடித்து எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடனே இறக்கிவிடலாம். கொக்கி வைத்த மாடலும் உண்டு, எனக்கு அது பிடிக்கவில்லை, கனம் ஏறினால் கொக்கி வாய் விரிகிறது. பட்டை வைத்ததையே வாங்குங்கள். 25 கிலோவுக்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் 50 கிராம், 100 கிராம் முன்னே பின்னே காட்டும், அதனால் மூன்று முறை தூக்கி நடு எண்ணை எடுத்துக்கொள்வேன். இன்னொன்று, சின்ன பொத்தானில் தெரியாமல் கை பட்டால் கிலோவிலிருந்து பவுண்டுக்கு மாறிவிடும், 65 என்று காட்டியதும் ஒரு நிமிடம் குழம்பிப் போனோம்.

சிலிண்டரைப் புரட்டும்போது பட்டையில் இன்னொரு குறியும் கண்ணில் படும், பி-26 என்பது போல. ஏ, பி, சி, டி நான்கும் வருஷத்தின் நான்கு காலாண்டுகள். பி-26 என்றால் 2026 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். எடை பார்க்கிற கையோடு இதையும் பாருங்கள்.

மீதி எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று பார்க்க ஈரத்துணியைச் சுற்றி எது வரைக்கும் சீக்கிரம் காய்கிறது என்று பார்ப்பார்கள் எங்கள் பாட்டி. அதுவும் நல்ல வழிதான், உள்ளே திரவம் இருக்கும் பகுதி மெதுவாகத்தான் காயும். நாங்கள் இப்போது மாதம் ஒருமுறை எடை போட்டு எழுதி வைக்கிறோம், எங்கள் வீட்டுச் செலவு ஒரு நாளைக்குச் சுமார் 310 கிராம், அதை வைத்து எப்போது புக் செய்ய வேண்டும் என்று அம்மாவே தேதி சொல்லிவிடுகிறார்கள். பழைய பேப்பர்காரர் வந்தாலும் இதே தராசுதான். 350 ரூபாயில் இத்தனையும் செய்யும் பொருள் எங்கள் வீட்டில் வேறு இல்லை.

அந்தத் தராசுக்கு அப்புறம் நான் சாமான் வாங்கும் விதமே மாறிவிட்டது. பத்து வேலை செய்வதாகச் சொல்லும் பொருளை விட்டுவிட்டு, வீட்டில் எதைப் பற்றி எல்லோரும் குத்துமதிப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறோமோ அதை அளந்து சொல்லும் பொருளைத் தேட ஆரம்பித்தேன்.

அப்படி வந்தது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், 180 ரூபாய். பேனா அளவு இருக்கும், மூடியைக் கழற்றித் தண்ணீரில் நனைத்தால் எண் வரும். நாங்கள் இருப்பது மேடவாக்கம் பக்கம், போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளையாகப் படியும். மீட்டரை விட்டதும் 134 என்று வந்தது, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பிறகுதான் ஓரத்தில் 10-ஆல் பெருக்கச் சொல்லும் சின்னக் குறி மின்னுவதைப் பார்த்தேன். 1,340. எங்கள் மீட்டரில் 999-க்கு மேல் போனால் இப்படித்தான் காட்டும், வாங்குகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் ஆர்ஓ தண்ணீர் 82, கேன் தண்ணீர் 45. கோயம்புத்தூரில் மாமா வீட்டுக்குப் போனபோது சிறுவாணித் தண்ணீரிலும் விட்டுப் பார்த்தேன், எண் மூன்று இலக்கத்தைத் தொடவே இல்லை. அந்தத் தண்ணீரைப் பற்றிக் கோவைக்காரர்கள் பெருமையாகப் பேசுவதற்கு அந்தக் குழாயடியிலேயே அர்த்தம் கிடைத்துவிட்டது.

இந்த மீட்டர் எனக்குப் பணமாகவே மிச்சம் பிடித்துக் கொடுத்தது ஆர்ஓ சர்வீஸில். வந்தவர் திறந்து பார்த்துவிட்டு, "மெம்பரேன் போயிடுச்சு, 2,800 ஆகும்" என்றார். உள்ளே போகும் தண்ணீர் 1,340, வெளியே வருவது 82, அதாவது நூற்றுக்கு 94 பங்கு உப்பை அது நிறுத்துகிறது, இது எப்படிப் போன மெம்பரேன் ஆகும் என்று மீட்டரைக் காட்டிக் கேட்டேன். மற்ற இரண்டு ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டுப் போனார். ஒன்பது மாதம் கழித்து வெளியே வருவது 260 ஆனது, அப்போது நானே கூப்பிட்டு மெம்பரேனை மாற்றினேன்.

ஆனால் இதை ரொம்பவும் நம்பிவிடக் கூடாது, இதைச் சொல்லாமல் யாருக்கும் இந்த மீட்டரை வாங்கித் தர மாட்டேன். தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டும்தான் இது பார்க்கிறது, அதை வைத்து உப்பைக் கணக்கிடுகிறது. பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்தேன், எண் கிட்டத்தட்ட அசையவில்லை. இன்னொரு டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பு, எகிறிவிட்டது. அதேபோலத்தான் கிருமியும், மீட்டருக்குத் தெரியவே தெரியாது. 45 காட்டும் கேன் தண்ணீரில் கிருமி இருக்கலாம், 400 காட்டும் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் எந்தக் கெடுதலும் இல்லாமல் இருக்கலாம். ஈயம், ஆர்சனிக் போன்றவை நச்சாகும் அளவுகூட இதில் எண்ணாகத் தெரியாது. ஆர்ஓ சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இது அருமையான பொருள், தண்ணீர் சுத்தமா என்று பார்க்க லேப்தான்.

மூன்றாவது, ப்ளக்கில் செருகும் வாட் மீட்டர். 750 ரூபாய், மற்றவற்றை விடக் கொஞ்சம் அதிகம்தான். சுவர் சாக்கெட்டுக்கும் சாமானுக்கும் நடுவில் இதைச் செருகினால் வோல்ட், ஆம்பியர், வாட், ஓடிய யூனிட் எல்லாம் காட்டும். டிவிக்குக் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தாலும் அது 11 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. 11 வாட்தானே என்று தோன்றும், 24 மணி நேரமும் 60 நாளும் பெருக்கினால் ஒரு பில்லுக்குக் கிட்டத்தட்ட 16 யூனிட். இப்போது ராத்திரி சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுகிறோம். பெரிய வேட்டை ஃப்ரிட்ஜில்தான் கிடைத்தது. பதினைந்து வருஷத்து ஃப்ரிட்ஜ், ஒரு நாளைக்கு 2.4 யூனிட் ஓடியது. கதவு இடுக்கில் ஒரு பேப்பரை வைத்து மூடி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, அதாவது ரப்பர் கேஸ்கெட் தளர்ந்துபோய்க் குளிர் வெளியே போகிறது. கேஸ்கெட் மாற்றிய பிறகு 1.7 யூனிட். இரண்டு மாதத்துக்கு 42 யூனிட் குறைந்தது. தமிழ்நாட்டு வீட்டு இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும், 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்குக் கிடைக்கும் சலுகை போய்விடும், கணக்குப் போடும் முறையே மாறிவிடும். நாங்கள் ஒவ்வொரு தடவையும் 520, 530 என்று நின்றவர்கள், இப்போது 500-க்கு உள்ளே வந்துவிட்டோம்.

கீசரையும் ஏசியையும் இதில் மாட்டாதீர்கள். அவை 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஓட வேண்டியவை, இந்தச் சின்ன மீட்டர் தாங்காது, உருகிவிடும்.

இந்த மீட்டரை வைத்து இன்னொரு விஷயத்தையும் சோதித்தேன், சொல்லியே ஆக வேண்டும். ப்ளக்கில் செருகி வைத்தால் கரண்ட் பில் பாதியாகும் என்று சொல்லி விற்கும் பச்சை விளக்குப் பெட்டி. பக்கத்து வீட்டு அக்கா 499 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். எக்ஸ்டென்ஷன் போர்டை வாட் மீட்டரில் மாட்டி, அதில் டேபிள் ஃபேனையும் அந்தப் பெட்டியையும் போட்டுப் பார்த்தோம். பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாட் அதேதான். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சின்ன கப்பாசிட்டரும் ஒரு எல்இடி விளக்கும். கப்பாசிட்டர் ஆம்பியர் எண்ணைக் கொஞ்சம் மாற்றலாம், ஆனால் நம் வீட்டு மீட்டர் யூனிட் கணக்கிடுவது உண்மையில் செலவாகும் வாட்டுக்குத்தான், அதனால் ஒரு பைசா குறையாது. அந்த அக்கா சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. தயவுசெய்து வாங்காதீர்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கு இரண்டு சாமான் வாங்கினேன், இரண்டும் அளவைக் கருவி இல்லை. முதலாவது ரவுட்டருக்கான குட்டி யூபிஎஸ், 1,200 ரூபாய். உள்ளே லித்தியம் பேட்டரிகள், அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் மாட்டினால் முடிந்தது. பராமரிப்புப் பணி என்று காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை கரண்ட்டை நிறுத்தும் நாட்களில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் என் மனைவிக்கு இது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஃபைபர் இணைப்பில் தெருவில் வரும் இழைக்கும் வழியில் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கும் பெரும்பாலும் மின்சாரமே தேவையில்லை, அந்தப் பக்கம் நிறுவனத்தின் நிலையத்திலும் இந்தப் பக்கம் நம் வீட்டிலும் இருந்தால் போதும், அதனால்தான் ஏரியாவே இருட்டில் இருந்தாலும் நெட் வருகிறது. சில இடங்களில் கம்பத்துப் பெட்டிக்கே கரண்ட் வேண்டியிருக்கும், அங்கே இதை வாங்கிப் பயன் இல்லை. அடுத்த முறை கரண்ட் போகும்போது தெரிந்தவர் யாரிடமாவது இரவல் வாங்கிச் சோதித்துவிட்டு வாங்குங்கள். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள், 9 வோல்ட், 5 வோல்ட் ரவுட்டரும் உண்டு, மாற்றி மாட்டினால் ரவுட்டர் போய்விடும்.

இரண்டாவது இன்வெர்ட்டர் பல்பு, 320 ரூபாய், 9 வாட், சாதாரண பின் ஹோல்டரிலேயே மாட்டலாம். கரண்ட் போனால் தானாக பேட்டரியில் எரியும், வெளிச்சம் குறைவாக இருக்கும் ஆனால் நடமாடப் போதும். இதில் எனக்குப் பல நாள் புரியாத ஒன்று, ஸ்விட்சை அணைத்தால் எப்படி அணைகிறது, கரண்ட் போனால் எப்படி எரிகிறது, பல்புக்கு இரண்டும் ஒன்றுதானே? விஷயம் என்னவென்றால், ஸ்விட்ச் போட்ட நிலையில் இருந்தால் வீட்டில் இருக்கும் ஃபேன், ஃப்ரிட்ஜ் வழியாகக் கம்பிகளுக்கு இடையே ஒரு பாதை இருக்கும், பல்பு அதை உணர்ந்து இது மின்வெட்டு என்று தெரிந்துகொள்கிறது. ஸ்விட்சை அணைத்தால் பாதை அறுந்துவிடும். பல்பின் அடியில் இருக்கும் இரண்டு புள்ளிகளையும் ஈர விரலால் தொட்டால் கையிலேயே எரிவதும் இதனால்தான், நம் விரலே அந்தப் பாதை ஆகிவிடுகிறது. இது தெரிந்த பிறகு இன்னொன்றும் புரிந்தது, எம்சிபியை இறக்கிவிட்டு வேலை பார்க்கும்போது சில நேரம் இந்த பல்பு எரியாது, பழுதாகிவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்களுக்கு அந்த லைனில் இது வேண்டியதில்லை. எங்களுக்குப் படிக்கட்டிலும் பாத்ரூமிலும் ஒன்று ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி, இருட்டில் தடவிக்கொண்டு இறங்குவது நின்றதே எனக்குப் பெரிய நிம்மதி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. அன்று யூபிஎஸ் பிற்பகலுக்குள் தீர்ந்துவிட்டது, பல்பு முதல் ராத்திரி தாக்குப்பிடித்தது, மறுநாள் மெழுகுவத்திதான். ஒரு நாள் இடைஞ்சலுக்கு உதவும் சாமான்கள் இவை, புயலுக்கு இதை நம்பி இருக்காதீர்கள்.

தொட்டி நிறைந்தால் கத்தும் அலாரம், 250 ரூபாய், இதையும் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடித் தொட்டியில் ஒரு சென்ஸார் கம்பி, கீழே ஒரு பெட்டி, தண்ணீர் தொட்டதும் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்தும். நல்ல பொருள், ஆனால் எங்கள் 1,340 தண்ணீரில் அந்தக் கம்பி முனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உப்புப் படிந்து சத்தமே வராமல் தொட்டி வழியும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் மறுபடி சரியாகும். நல்ல தண்ணீர் வரும் வீடுகளில் இந்தத் தொல்லை அவ்வளவு இருக்காது.

கயிறு இழுத்து வெங்காயம் நறுக்கும் டப்பா இரண்டு மாதத்தில் கயிறு அறுந்தது. கழுத்தில் மாட்டும் ஃபேன் சென்னைப் புழுக்கத்துக்குச் சூடான காற்றையே முகத்தில் அடித்தது. இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும்போது கடையிலேயே சோதித்து வாங்க முடிகிற பொருட்கள் இவை, அதனால் நேரில் போவது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தராசில் மாட்டினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் காட்ட வேண்டும், கடைக்காரர் குடிக்கும் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை இரண்டு முறை விட்டால் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும், பல்பை ஈர விரலில் எரியவைத்துப் பார்க்கலாம். பேட்டரியையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். என் தராசுக்கு சிஆர்2032 ஒன்று, டிடிஎஸ் மீட்டருக்கு எல்ஆர்44 இரண்டு. பேட்டரி இறங்கினால் தராசின் எண் மங்குவதற்கு முன்னால் எடை தாறுமாறாக வர ஆரம்பிக்கிறது, போன மாதம் சிலிண்டர் 27 காட்டி மறுபடி சண்டைக்குக் கிளம்ப இருந்தேன், பேட்டரி மாற்றியதும் 29.6 வந்தது.